பெயரை மாற்றச் சொல்வது நியாயமா?

தமிழில் பெயர் வைத்த பைலைக் கண்டு கம்ப்யூட்டர் திணறுவது ஏன்?

ஒரு வீட்டில் இப்படி நடப்பதாக வைத்துக் கொள்ளுங்கள்.

பாட்டிக்கு எண்பது வயது நிறையப் போகிறது. பேத்தி பெட்டியைக் குடைந்து பழைய போட்டோக்களை எல்லாம் எடுக்கிறாள். அவற்றைச் செல்போனில் படம் பிடிக்கிறாள். ஒவ்வொரு படத்துக்கும் தமிழிலேயே பெயர் வைக்கிறாள். "பாட்டி கல்யாணம்", "தாத்தா கடை", "கோயில் திருவிழா" என்று பெயர்கள். பாட்டி முதியோர் கல்வி வகுப்பில் தமிழ் படித்தவள். பெயரைப் பார்த்து அவளே படத்தைத் தேடி எடுத்துக் கொள்ளலாம் அல்லவா?

படங்களைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பிரிண்டு போடும் கடைக்குப் பேத்தி போகிறாள். கடைக்காரர் அதைக் கம்ப்யூட்டரில் சொருகுகிறார். திரையில் என்ன தெரிகிறது?

வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள்!

கடைக்காரர் ஒன்றைத் திறந்து பார்க்கிறார். "அப்படி ஒரு பைல் இல்லை" என்று கம்ப்யூட்டர் கையை விரித்து விடுகிறது.

"என்ன அண்ணே, படம் எல்லாம் போயிடுச்சா?" என்று பேத்தி பதறுகிறாள்.

"படம் எங்கேயும் போகலை, பாப்பா. நீ தமிழில் பேர் வச்சிருக்கே. எங்க புரோகிராம் பழசு, அதுக்குத் தமிழ் தெரியாது. வீட்டுக்குப் போய் எல்லாத்துக்கும் இங்கிலீஷில் பேரை மாத்திக்கிட்டு வா."

கடைக்காரர் சொன்னதில் பொய் இல்லை. அவர்மீது கோபித்துக் கொள்ளவும் முடியாது. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. தவறு புரோகிராமுடையது. பெயரை மாற்ற வேண்டியவள் மட்டும் பேத்தியா?

எழுத்து அல்ல, எண்!

இந்தத் தகராறு எப்படி வந்தது? அதைத் தெரிந்து கொள்ள வேண்டுமானால் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது. எண்தான் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் கதவு எண் இருப்பதுபோல, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று அமெரிக்காவில் 1963-ம் ஆண்டில் ஒரு பட்டியல் போட்டார்கள். அதற்கு "ஆஸ்கி" என்று பெயர். இன்று வழங்கும் ஆஸ்கி பட்டியலில் ஆங்கிலப் பெரிய எழுத்து "ஏ"வுக்கு 65. "பி"க்கு 66. இப்படியே போகும்.

அந்தப் பட்டியலில் மொத்தம் 128 இடங்கள்தாம். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழுக்கோ மொத்தம் 247 எழுத்துக்கள்! அந்தப் பட்டியலில் தமிழுக்கு ஓர் இடம்கூட இல்லை. ரஷிய மொழிக்கும் இல்லை. சீன மொழிக்கும் இல்லை. பட்டியல் போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. தங்கள் ஊர் வேலைக்காகப் போட்டார்கள். ஊர் வேலைக்குப் போட்ட பட்டியலை உலகமே எடுத்துக் கொண்டதுதான் வினை.

கம்ப்யூட்டர் எண்களைச் சிறுசிறு பெட்டிகளில் வைக்கிறது. பெட்டிக்கு "பைட்" என்று பெயர். ஒரு பெட்டியில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண்ணை வைக்கலாம். ஆஸ்கி 127 வரை எடுத்துக் கொண்டது. மீதி 128 எண்கள் காலியாகக் கிடந்தன. சும்மா விடுவார்களா? ஒவ்வொரு நாட்டாரும் அந்த இடத்தில் தங்கள் எழுத்தைக் குடி வைத்தார்கள்.

விளைவு? 228 என்ற ஒரே எண், ஜெர்மனியில் தலையில் இரண்டு புள்ளி வைத்த "ஏ" ஆயிற்று. விண்டோஸின் ரஷியப் பட்டியலில் ரஷிய எழுத்து ஒன்று. அதன் கிரேக்கப் பட்டியலில் "டெல்டா". ஒரே கதவு எண்ணில் மூன்று குடும்பங்கள்! தபால்காரர் என்ன செய்வார்?

தமிழிலும் அதே கதைதான். ஒரு காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனக்கென்று ஓர் எண் வரிசை வைத்திருந்தது. ஒன்றில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் வாய்க்கு வராத எழுத்துக்கள் வரும். டைப் செய்யும் கடைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் துன்பம் நன்றாகத் தெரியும்.

ஜப்பானில் நடந்த வேடிக்கை

ஜப்பானியர் பட்ட பாடு இன்னும் வேடிக்கையானது. அவர்களுடைய எழுத்துக்கள் ஆயிரக்கணக்கில். ஆகையால் அவர்களுடைய பழைய முறையில் பல எழுத்துக்களுக்கு இரண்டு பெட்டி ஒதுக்கினார்கள். "ஸோ" என்று ஓர் எழுத்து. அதன் இரண்டாவது பெட்டியில் வந்த எண் 92.

அந்த 92-தான் ஆஸ்கி பட்டியலில் பின்பக்கம் சாய்ந்த கோடு. விண்டோஸ் கம்ப்யூட்டரில் அந்தக் கோடு வந்தால், "இதோடு ஓர் உறையின் பெயர் முடிந்தது, அடுத்த பெயர் தொடங்குகிறது" என்று அர்த்தம். ஜப்பானிய எழுத்தைப் பற்றித் தெரியாத புரோகிராம் என்ன செய்தது? "ஸோ" எழுத்து வந்த பெயரை நடுவிலே வெட்டி இரண்டாக்கியது. பிறகு, "அப்படி ஓர் உறையே இல்லையே!" என்று விழித்தது.

ஆகவே இது தமிழனுக்கு மட்டும் வந்த கஷ்டம் அல்ல. ஆங்கிலம் தவிர வேறு எழுத்தில் பெயர் வைத்த யாருக்கும் வந்த கஷ்டம்.

உலகத்துக்கு ஒரே பட்டியல்

இதற்கு மருந்து கண்டுபிடிக்காமல் இல்லை. எல்லா மொழிக்கும் பொதுவாக ஒரே பட்டியல் போட வேண்டும் என்று வல்லுநர்கள் கூடினார்கள். 1991-ம் ஆண்டு அந்தப் பட்டியலின் முதல் பதிப்பு வந்தது. அதன் பெயர் "யுனிகோடு". தமிழுக்கு அதில் முதலிலேயே இடம் கிடைத்தது. அதன்படி "அ"வுக்கு 2949. "க"வுக்கு 2965. சென்னையில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும் இதே எண்தான். 2010-ம் ஆண்டில் தமிழ்நாடு அரசும் யுனிகோடைத் தனது தரமாக ஏற்றுக் கொண்டது.

ஆனால் 2949 என்ற எண், 255 வரை மட்டுமே கொள்ளும் பெட்டியில் எப்படி அடங்கும்?

இதற்கு வழி சொன்னவர்கள் கென் தாம்சன், ராப் பைக் என்ற இரண்டு அமெரிக்காவாசிகள். 1992-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், நியூஜெர்சியில் ஓர் உணவு விடுதியில் உட்கார்ந்திருந்தபோது, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் எழுதியே இந்தத் திட்டத்தைப் போட்டார்கள். அதற்கு "யு.டி.எப்-8" என்று பெயர். ஆங்கில எழுத்துக்கு ஒரு பெட்டி. தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் மூன்று பெட்டி. அந்த மூன்று பெட்டிகளில் எதிலும் ஆஸ்கி எண் வராது. ஜப்பானிய "ஸோ"வுக்கு வந்த விபத்து இதில் வரவே வராது!

அப்படியானால் தகராறு தீர்ந்ததா? தீரவில்லை. மருந்து இருக்கிறது. எல்லோரும் குடிக்கவில்லை.

மூன்று வீடு, மூன்று வழக்கம்

கம்ப்யூட்டரில் பைலைக் காப்பாற்றி வைக்கும் வீடுகளில் முக்கியமானவை மூன்று. விண்டோஸ், லினக்ஸ், ஆப்பிள் கம்பெனியின் மெக்கின்டாஷ். ஆண்ட்ராய்டு செல்போனுக்குள் இருப்பதும் லினக்ஸ்தான். இந்த மூன்று வீட்டிலும் பெயரை வாங்கி வைக்கும் வழக்கம் வேறு வேறு.

விண்டோஸ் வீட்டுக்கு இரண்டு வாசல். 1993-ம் ஆண்டு வந்த விண்டோஸ் என்.டி. காலத்திலிருந்தே இப்படித்தான். ஒன்று யுனிகோடு வாசல். அதில் எந்த மொழிப் பெயரும் தாராளமாக நுழையும். இன்னொன்று பழைய வாசல். அது பெயரை அந்தந்த நாட்டின் பழைய பட்டியலுக்கு மாற்றிப் பார்க்கும். தமிழுக்கு விண்டோஸில் அப்படிப் பழைய பட்டியலே கிடையாது. ஆகவே பழைய வாசல் வழியாகப் பார்க்கும் புரோகிராமுக்கு ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒரு கேள்விக்குறியாகத்தான் தெரியும்.

இதில் இன்னொரு கூத்து. விண்டோஸில் பைலின் பெயரில் கேள்விக்குறி வரவே கூடாது என்பது சட்டம்! தானே கேள்விக்குறி போட்டுக் கொடுக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லித் திரும்பக் கேட்டால், "அப்படிப் பெயர் இருக்க முடியாது" என்கிறது. கடையில் பேத்திக்கு நடந்தது இதுதான். 2019-ம் ஆண்டிலிருந்து, பழைய வாசலிலும் யு.டி.எப்-8 முறையை ஏற்கும்படி செய்ய விண்டோஸில் வசதி வந்திருக்கிறது. ஆனால் புரோகிராம் எழுதுகிறவர் அதைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் பழைய கதைதான்.

லினக்ஸ் வீட்டில் கேள்வியே இல்லை. பெட்டி வரிசையைக் கொடுத்தால் வாங்கி வைக்கும். அப்படியே திருப்பிக் கொடுக்கும். என்ன மொழி என்று கேட்காது. ஆனால் பெயர் 255 பெட்டிக்கு மேல் போகக் கூடாது என்பது அங்கே வழக்கம். ஆங்கிலத்தில் 255 எழுத்து வைக்கலாம். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பெட்டி ஆவதால் 85 குறியோடு முடிந்து விடும். புள்ளியும் கொம்பும்கூடத் தனிக் குறிதான். கவனம் இல்லாத புரோகிராம், நீளமான தமிழ்ப் பெயரைக் குறியின் நடுவிலேயே வெட்டிவிடும்.

கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு

மெக்கின்டாஷ் வீட்டின் கதைதான் தமிழருக்கு மிகவும் சுவையானது.

"கோயில்" என்று எழுதுங்கள். "கோ" என்ற எழுத்தைப் பாருங்கள். முன்னால் இரட்டைக் கொம்பு, நடுவில் க, பின்னால் கால். யுனிகோடு முறையில் இதை இரண்டு விதமாக எழுதலாம். க-வோடு, கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியைப் போடலாம். அதன் எண் 3019. அல்லது க-வோடு, கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் போடலாம். அவற்றின் எண்கள் 3015, 3006. இரண்டும் திரையில் ஒரே "கோ"தான். ஆனால் எண் வரிசை வேறு.

மெக்கின்டாஷில் 1998-ம் ஆண்டு வந்த பைல் முறை, சேர்ந்த குறியாகக் கொடுத்தாலும் பிரித்தே எழுதி வைத்தது. விண்டோஸும் லினக்ஸும் கொடுத்தபடியே வைக்கும். இப்போது மெக்கின்டாஷிலிருந்து "கோயில்" என்ற பைலை லினக்ஸுக்கு அனுப்புங்கள். அங்கே ஏற்கனவே "கோயில்" என்று ஒரு பைல் இருந்தால்? ஒரே உறையில் இரண்டு "கோயில்"! கண்ணுக்கு ஒரே பெயர். கம்ப்யூட்டருக்கு இரண்டு பெயர். ஒன்றைத் திருத்தி வைத்துவிட்டு இன்னொன்றைத் திறந்து, "நேற்று எழுதியது எங்கே?" என்று தேட வேண்டியதுதான். 2017-ம் ஆண்டில் ஆப்பிள் புதிய பைல் முறைக்கு மாறியது. அது கொடுத்தபடியே பெயரை வைத்துக் கொள்கிறது. ஆனால் முன்னமே பிரித்து எழுதிய பெயர்கள் பிரிந்தபடியே இருக்கின்றன.

தையற்காரரும் பொத்தானும்

புரோகிராம் எழுதுகிறவர்கள் ஏன் இதைக் கவனிப்பதில்லை? அதற்கும் காரணம் உண்டு.

தையற்காரர் சட்டை தைக்கிறார். பொத்தானை அவரே செய்வதில்லை. கடையில் வாங்கித் தைக்கிறார். புரோகிராம் எழுதுகிறவரும் அப்படித்தான். படம் திறக்க ஒரு பாகம், பாட்டு வாசிக்க ஒரு பாகம், பைல்களைப் பொட்டலம் கட்ட ஒரு பாகம் என்று, பிறர் எழுதி வைத்ததை எடுத்துச் சேர்க்கிறார். இந்தப் பாகங்களுக்கு "லைப்ரரி" என்று பெயர். பைலின் பெயர் ஒரு லைப்ரரியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் போகிறது. பத்துக் கை சரியாக இருந்து, ஒரு கை மட்டும் பழைய வாசலைத் தட்டினால் போதும். பெயர் கெட்டது!

பொட்டலம் கட்டும் "ஜிப்" முறையையே பாருங்கள். 1989-ம் ஆண்டு வந்தது. தொடக்கத்தில் அதில் இது எந்த மொழிப் பெயர் என்று எழுத இடம் இல்லை. 2006-ம் ஆண்டில்தான், "இந்தப் பெயர் யு.டி.எப்-8 முறையில் இருக்கிறது" என்று சொல்ல ஒரு அடையாளம் சேர்த்தார்கள். கட்டுகிறவர் அடையாளம் போட மறந்தாலும், பிரிக்கிறவர் பார்க்க மறந்தாலும், சான்றிதழ்களின் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாக வந்து நிற்கும்.

"ஆங்கிலத்தில் வைத்தால் என்ன?"

"இவ்வளவு வம்பு எதற்கு? ஆங்கிலத்தில் பெயர் வைத்தால் தீர்ந்தது!" என்று சிலர் சொல்கிறார்கள்.

அவசரத்துக்கு அது நல்ல யோசனைதான். மறுக்க வேண்டியதில்லை. நாளைக் காலை விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும் என்றால், இன்று இரவு கம்ப்யூட்டரோடு சண்டை போட முடியாது. ஆங்கிலத்தில் பெயர் வைத்து அனுப்பிவிட வேண்டியதுதான்.

ஆனால் அவசரத்துக்குச் சொன்ன யோசனை சட்டமாகிவிடக் கூடாது. வகுப்பில் புதிதாக எழுத்துக் கற்ற ஒரு தாய், தன் குடும்பக் கணக்கை முதன்முதலாகக் கம்ப்யூட்டரில் எழுதுகிறாள். "வீட்டுக் கணக்கு" என்று பெயர் வைக்கிறாள். அது கேள்விக்குறியாக வந்து நின்றால் அவள் என்ன நினைப்பாள்? "புரோகிராமில் கோளாறு" என்றா நினைப்பாள்? "நமக்கு இதெல்லாம் வராது" என்றுதான் நினைப்பாள். கம்ப்யூட்டரை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். நஷ்டம் ஒரு பைல் அல்ல, அவளுடைய தைரியம்.

தமிழில் முகவரி எழுதிய கடிதத்தைத் தமிழ்நாட்டில் தபால்காரர் திருப்பிக் கொடுப்பதில்லை. "இங்கிலீஷில் எழுதிக்கொண்டு வா" என்று சொல்வதில்லை. அவர் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டர் செய்யக் கூடாதா?

திருத்த வேண்டியவர் யார்?

புரோகிராம் எழுதுகிறவர்கள் செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. நாலே காரியம்.

ஒன்று: விண்டோஸில் யுனிகோடு வாசல் வழியாகவே போக வேண்டும்.

இரண்டு: கொடுத்த பெயரைக் கொடுத்தபடியே வைக்க வேண்டும். இரண்டு பெயரை ஒப்பிடும்போது மட்டும், இரண்டையும் ஒரே முறைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். அதற்கு விதிகளை யுனிகோடே வகுத்துக் கொடுத்திருக்கிறது.

மூன்று: புரியாத எண் வந்தால் தூக்கி எறியக் கூடாது. பைதான் என்ற புரோகிராம் மொழி இதற்கு நல்ல உதாரணம். 2009-ம் ஆண்டிலிருந்து அது, தனக்குப் புரியாத பெட்டிகளையும் பத்திரமாக வைத்திருந்து, திரும்பக் கேட்கும்போது பழையபடி கொடுக்கிறது. புரியாத கடிதத்தைக் கிழிக்காமல் உரியவரிடம் சேர்ப்பதுபோல!

நான்கு: தமிழ்ப் பெயரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும். "ஔவையார் கோயில்" என்று ஒரு பைலுக்குப் பெயர் வையுங்கள். இரண்டு விதமாக எழுதக்கூடிய "ஔ", "கோ" இரண்டுமே அதில் இருக்கின்றன. அந்தப் பைல் செல்போனிலிருந்து விண்டோஸுக்குப் போய், மெக்கின்டாஷுக்குப் போய், பொட்டலம் கட்டிப் பிரித்து, சேதமில்லாமல் வீடு திரும்புகிறதா? திரும்பினால் புரோகிராம் நல்ல புரோகிராம். இல்லாவிட்டால் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது.

பள்ளிக்கூடங்களும் அலுவலகங்களும் புரோகிராம் வாங்கும்போது, பணம் கொடுப்பதற்கு முன்னால் இந்த ஒரு சோதனையைச் செய்து காட்டும்படி கேட்கலாம். ஐந்து நிமிஷ வேலை. வாங்குகிறவர் கேட்டால்தான் விற்கிறவர் திருத்துவார்.

வீட்டில் செய்ய வேண்டியது

குடும்பத்தில் உள்ளவர்களும் சிலவற்றைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

பெயர் கேள்விக்குறியாகவோ கட்டம் கட்டமாகவோ வந்தால் பயப்பட வேண்டாம். பெயர் சரியாகத் தெரியவில்லை என்பதனால் உள்ளே இருக்கும் படம் அழிந்து போவதில்லை. கட்டம் வந்தால், பெரும்பாலும் அந்தக் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துரு இல்லை என்றுதான் அர்த்தம். "கெட்டுப் போச்சு" என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். வேறு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ திறந்து பாருங்கள்.

ஜிப் பொட்டலத்தைப் பிரித்துப் பெயர்கள் கிறுக்கலாக வந்தால், மூலப் பொட்டலத்தை அப்படியே வைத்திருங்கள். வேறொரு புரோகிராமில் பிரித்தால் பெயர் ஒழுங்காக வரக்கூடும்.

பெயரை மாற்றியே ஆக வேண்டுமானால், முதலில் ஒரு நகல் எடுத்துக் கொண்டு நகலில் மாற்றுங்கள். தமிழ்ப் பெயர் உள்ள மூலம் வீட்டிலே இருக்கட்டும்.

பேத்தியும் அப்படியே செய்யலாம். கடைக்காக ஆங்கிலப் பெயரில் ஒரு நகல். பாட்டிக்காகத் தமிழ்ப் பெயரில் மூலம். பாட்டியின் பிறந்த நாளுக்குப் படம் தயாராகிவிடும்.

ஆனால் இந்த இரட்டை வேலை பேத்தியின் கடமை அல்ல. புரோகிராம் எழுதியவர் செய்யாமல் விட்டதை அவள் செய்கிறாள். ஆகவே அடுத்த முறை, "பேரை மாத்திக்கிட்டு வா" என்று யாராவது சொன்னால், காரியத்தை முடித்துக் கொள்ளுங்கள். கூடவே ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டு வாருங்கள்: "அண்ணே, பேர் சரியாத்தான் இருக்கு. அந்தப் புரோகிராமை மாத்தச் சொல்லுங்க!"